பன்றிக்குப் போட்ட குருணை

கல்யாண வீட்டில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் கெமிஸ்ட்ரி டீச்சர் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உள்ளதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். செத்தவர்களின் ஈரலிலும் இரைப்பையிலும் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் படிப்பு. முதலில் அரசு ஆய்வகத்தில் அதைச் செய்தேன். பிறகு பல்கலைக்கழகத்தில் அதையே பாடமாக நடத்தினேன். வீடு கொடைக்கானலில், வகுப்பு மதுரையில். பாதி ஆயுள் மலை ஏறி இறங்கும் காட் ரோட்டு பஸ்ஸில் போயிற்று.

என்னைப் பேராசிரியராக்கியது ஒரே ஒரு ஆராய்ச்சி. அதற்காகச் சால்வைகூடப் போர்த்தினார்கள். அந்தச் சால்வையை நான் ஒரு நாளும் எடுத்துப் போர்த்தியதில்லை.

திண்டுக்கல்லில் இருந்து ஒரு வக்கீல், ஜாமீனில் வந்திருந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்ததில்தான் அது தொடங்கியது. அவள் மன்னவனூருக்கு அப்பால் கிழங்கும் காரட்டும் போடுகிற குடும்பத்தைச் சேர்ந்தவள். புருஷன் கிழங்குக் காட்டில் வேலையாக இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறான். ஜீப் வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கே போகாததால் பிரேதப் பரிசோதனையும் இல்லை. சொந்தக் காட்டு ஓரத்திலேயே புதைத்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு, நிலப் பங்கில் தகராறு வந்ததும், அவனுடைய அண்ணன் போலீசுக்குப் போனார். தம்பி பெண்டாட்டிதான் விஷம் வைத்துவிட்டாள் என்று புகார். பிணத்தைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். பூச்சிக்குப் போடும் குருணை மருந்து உடம்பில் இருந்தது.

அந்தக் குருணையை யார் வாங்கியது என்று போலீஸ் கேட்டதும் அவள் தயங்காமல் ஒத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடமும் அப்படியேதான் சொன்னாள்.

"நாந்தாம்மா வாங்குனேன். நாந்தான் போட்டேன். அவரு வாயில இல்ல, குழிக்குள்ள."

எனக்குப் புரியவில்லை. எதற்குக் குழிக்குள் போட்டாய் என்று கேட்டேன்.

"பன்னிக்குங்க. எங்க காட்டுல ஒரே ராத்திரில கிழங்கு மொத்தத்தையும் உழுது போட்டுரும். பொதச்ச கன்னுக்குட்டியவே தோண்டி இழுத்துப் போட்டிருக்கு. அவர அப்பிடிப் போட்டுட்டு வந்து எப்பிடிம்மா படுக்கறது? மண்ணு தள்ளயில மேல கீழன்னு ரெண்டு பை குருணையக் கொட்டுனேன். நெடிக்கு அது கிட்ட வராது."

அந்தப் பக்கத்தில் இது ஊரறிந்த பழக்கம். வரப்பு ஓரத்தில் குருணையைத் தூவிவிட்டால் பன்றி மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடும் என்பார்கள். புதைத்த இடத்திலும் போடுவது உண்டு. கீழே இருந்து வந்த அதிகாரிகளுக்கு அது எங்கே தெரியும்? மருந்து வாங்கினேன் என்று அவள் சொன்னது மட்டும் எழுத்தில் ஏறியது. எதற்கு என்று சொன்னதை அழுகைக் கணக்கில் விட்டுவிட்டார்கள்.

ஆய்வக அறிக்கையைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. புதைத்த பிணத்தைத் தோண்டினால் மேல் மண், கீழ் மண், பக்கத்து மண், கொஞ்சம் தள்ளி வேறு மண் எல்லாம் தனித்தனியாக எடுக்க வேண்டும். முதல் வருட மாணவனுக்கே இது பாடம். இங்கே ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை. ஈரலை ஒரு ஜாடியிலும் இரைப்பையை இன்னொன்றிலும் போட வேண்டும். இரண்டையும் ஒரே ஜாடியில் திணித்து அனுப்பியிருந்தார்கள். மறுபடி தோண்டிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தோண்டிய பிணத்தைத் திரும்பப் புதைக்கக் கூடாது என்று அண்ணன் அன்றைக்கே எரித்துவிட்டார்.

வக்கீல் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மண்ணில் கிடந்த குருணை மழைத் தண்ணீரோடு இறங்கி ஈரல்வரை போகுமா? எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. சமவெளி மண்ணில் செய்த சோதனைகள் இருந்தன. மன்னவனூர் இருக்கும் மேல்மலையின் குளிரிலும் ஈரத்திலும் யாரும் செய்து பார்த்ததில்லை.

நான் செய்தேன். தானாகச் செத்த ஆடுகளை வாங்கி, அதே பக்கத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் புதைத்தேன். சில குழிகளில் குருணை, சிலவற்றில் வெறும் மண். ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏலே, செத்த ஆட்டுக்குக் கருமாதி பண்ண டீச்சர் வந்திருக்காங்கடா" என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மழை முடிந்து தோண்டியபோது வந்த நாற்றம் என் தலைமுடியில் பல நாள் இருந்தது. குருணை போட்ட குழிகளில் இருந்த ஆடுகளின் ஈரலில் மருந்து இருந்தது. இரைப்பையிலும் இருந்தது. தோலில்தான் மிக அதிகம். வாய்வழியாகப் போயிருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். அவள் புருஷனின் உறுப்புகளைத் தனித்தனியாக வைத்திருந்தால் நான் அடித்துச் சொல்லியிருப்பேன்.

கோர்ட்டில் அரசு வக்கீல் என்னை ஒரே கேள்வியில் மடக்கினார்.

"வாய்வழியாகக் கொடுக்கவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றேன்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவளை விடுதலை செய்தார்கள். வராந்தாவில் அவள் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வைக்கலன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். ரெண்டும் ஒண்ணுதாம்மா என்றார் அவர். ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினேன்.

என் கட்டுரை வெளிவந்தது, பதவி உயர்வு வந்தது, துறையில் என்னைச் சவக்குழி மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகள், புகார் கொடுத்த பெரியப்பா வீட்டில்தான் இருந்தாள். வழக்கு முடிந்ததும் வந்துவிடுவாள் என்று தாய் நம்பியிருந்தாள். மகள் வரவில்லை.

போன சித்திரையில் ஒரு காலையில் இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். தாய்தான் கெஞ்சி அழைத்து வந்திருக்கிறாள்.

"நீங்களே சொல்லிருங்கம்மா. என்னயத்தான் இவ நம்பமாட்டேங்கறா. படிச்சவங்க சொன்னா நம்புவா."

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். ஆடு, மண், மழை, தோல், ஈரல். அந்தப் பெண் கவனமாகக் கேட்டாள். என் மாணவர்களில் பலர் அப்படிக் கேட்டதில்லை.

"அப்ப மண்ணுல இருந்து வந்திருக்கலாம்."

"ஆமாம்மா."

"சோத்துல இருந்தும் வந்திருக்கலாம்தானே மேடம்? பெரியப்பா சொல்றாங்க, சந்தேகத்துக்குத்தான் விட்டாங்க, சத்தியத்துக்கு விடலன்னு."

தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் இத்தனை வருடம் சாட்சிக் கூண்டில் நின்ற வாய் வேறு மாதிரிப் பழகிவிட்டது.

"சோதனையை வைத்துச் சொல்ல முடியாது" என்றேன்.

மகள் தலையை ஆட்டினாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "மன்னவனூர் பஸ் வெரசாக் கெளம்பிரும், நான் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். தாய் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டி இறக்கத்தில் அவள் தலை மறையும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு தாய் கேட்டாள்.

"உங்களுக்காச்சும் தெரியுமாம்மா, நான் வைக்கலன்னு?"

"தெரியும்" என்றேன். "முதல் நாளே தெரியும்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அவ இருக்கையில சொல்லிருக்கலாமேம்மா."