மஞ்சள் ஊறிய கோலிபிளவர்

என் தங்கை புஷ்பராணி ஒஸ்லோவில் வீட்டு உதவியாளராக வேலை செய்கிறாள். தனியே இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுத்து, படுக்கையை விரித்து, மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். அவளைப் பற்றி இதுவரை ஒரு முறைப்பாடு வந்தது கிடையாது. அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கத்தைக் காணமுடியாது. அண்ணன் என்பதால் இதைச் சொல்லவில்லை. நான் பேர்கனில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வருடக்கணக்காகப் படுக்கை விரிப்பு மடித்தவன். எனக்குத் தெரியும்.

அவளுடைய கணவர் தில்லைநாதன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் அவள் இருக்கும் கட்டடத்தில் எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் யூலை மாதம் பிறந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கனடா, இலண்டன், பாரிஸ் என்று கலியாண வீடுகளுக்குப் போய்விடுவார்கள். நோர்வேக்காரர் மலைக்கும் கடற்கரைக்கும் போய்விடுவார்கள். தபால் பெட்டிகளில் விளம்பரத் தாள்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். மற்றவர்களின் லீவுக்கும் சேர்த்து அவள்தான் வேலைக்கு ஓடுவாள். அதனால் யூலையில் ஒரு கிழமை, ஏழெட்டு நாள், நான் போய் அவளோடு நிற்பேன்.

2006ஆம் ஆண்டு நான் போனபோது ஸ்டேஷனுக்கு வந்தவள், என் பையைக் கையில் வாங்கியதும் கேட்டாள்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை எனக்குக் கொஞ்சம் முட்டை உடைச்சுத் தருவியளே?"

"ஏன், உன்ரை கைக்கு என்ன?"

"ஆடி முதல் வெள்ளியெல்லே. நான் விரதம். முட்டை தொடமாட்டன்."

"விரதக்காரிக்கு முட்டை என்னத்துக்கு?"

"எனக்கில்லை. லாஸ்லோ அப்புவுக்கு."

லாஸ்லோவைப் பற்றி அவள் தொலைபேசியில் நிறையச் சொல்லியிருக்கிறாள். ஹங்கேரி நாட்டுக்காரர். ஐம்பத்தாறாம் ஆண்டுக் கலவரத்தில் எல்லை கடந்து அகதியாக நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவில் ஒரு கப்பல் பட்டறையில் இரும்பு ஒட்டுவேலை செய்தவர். மனைவி உயிரோடு இல்லை. ட்வெய்ட்டா பகுதியின் உயர்ந்த கட்டடங்களில் ஒன்றில் மேல்மாடியில் தனியாக இருந்தார். புஷ்பராணி அவருடைய வீட்டை எப்போதும் மாலையில் கடைசி வீடாக வைத்துக்கொள்வாள். கடைசி வீடு என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழும்பத் தேவையில்லை. ஒருமுறை அவளே சொன்னாள், "நான் ஒரு நாளைக்கு மனசு விட்டுக் கதைக்கிறது அந்தாளோடை மட்டும்தான், அண்ணை. மற்ற வீடுகளிலை நான் கதைக்கிறது மாத்திரையைப் பற்றி."

அவரோடு ஓடி வந்த ஹங்கேரியர்கள் கோடை விடுமுறையில் ஒருநாள் அவர் வீட்டு பல்கனியில் கூடுவார்களாம். பியரும், அதோடு சாப்பாட்டுக்கு முன் கொறிக்கப் பொரியலும். முதலில் இறைச்சிதான் பொரித்திருக்கிறார். மகள் ஈவா பதினாறு வயதில் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று நின்ற பிறகு, அவளுக்காக எல்லாவற்றையும் மரக்கறியாக மாற்றிவிட்டார். காளான், கோலிபிளவர், சீஸ். மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, உலர்ந்த ரொட்டியை இடித்த பாண்தூளில் உருட்டிப் பொரிப்பது அவர்கள் ஊர் வழக்கம். காலப்போக்கில் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் துரொன்ட்ஹைமில் இருந்து ஈவாவும் கணவனும் மட்டும்தான் வருவார்கள். ஆனாலும் பொரியல் நிற்கவில்லை.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் அவர் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு உறங்கிப்போனார். புகை வந்து, தீயணைக்கும் படை வந்து, மகளுக்குத் தகவல் போனது. ஈவா தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "யூலையில் வருகிறேன். நீங்கள் எப்போதும்போலப் பொரித்து வைத்திருந்தால் நான் வாய் திறக்கமாட்டேன். முடியாவிட்டால் எங்கள் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்பேன்."

லாஸ்லோவுக்கு அப்போதே இரண்டு கைகளும் நடுங்கத் தொடங்கியிருந்தன. தேநீர்க் கோப்பையை அரைவாசிக்கு மேல் நிரப்பக்கூடாது என்று புஷ்பராணியிடம் சொல்லி வைத்திருந்தார். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் அவர் நிற்க வழியில்லை. அந்த வீட்டிலேயே சாகவேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. அதனால்தான் அவளிடம் கேட்டார். வேலை நேரத்தில் அப்படிப் பொரிக்க அவளுக்கு அனுமதியில்லை. தன்னுடைய லீவு நாளில் செய்து தருவதாக ஒப்புக்கொண்டாள்.

"அப்ப நீ பொய்க்கு உடந்தை" என்றேன்.

"நான் பொரிக்கப் போறன். பொய் சொல்லப் போறதில்லை. ஈவா வாறதுக்கு முதல் நாங்கள் வெளிக்கிட்டிடுவம்."

"ஈவா கேட்டால்?"

"கேக்கிறதுக்கு நான் அங்கை நிக்கவேணுமே."

வெள்ளி காலை அவள் எழுந்தவுடன் கோலிபிளவரைப் பூப்பூவாகக் கழற்றிக் கொதிநீரில் போட்டு மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். அது அரைவேக்காட்டில் ஊறுகிற நேரத்துக்குள் விளக்கேற்றித் தேவாரம் பாடி முடித்தாள். பிறகு வடித்து, துணியில் ஒற்றி, ஒரு பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டாள். எல்லாம் என் கண்முன்னால் நடந்தது.

லாஸ்லோ சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயம். என்னைப் பார்த்துக் கையை நீட்டாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"நீதான் அண்ணனா? உன் தங்கை எனக்கு இவ்வளவு காலம் மாத்திரை தருகிறாள். ஒரு தடவையாவது பியர் தந்திருக்கிறாளா என்று கேள்."

"மாத்திரைக்கு மேலே பியர் குடித்தால் எனக்கு வேலை போகும்" என்றாள் புஷ்பராணி.

"பார், இவளுக்கு என் உயிர் போவது பெரிதில்லை."

குசினியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவர் கட்டளையிட்டார். காளானைக் கழுவாதே, ஈரத்துணியால் துடை. காம்பை முறி. சீஸை விரல் தடிப்பில் வெட்டு. மெல்லியதாக வெட்டினால் எண்ணெயில் உருகி ஓடிவிடும். நான் முட்டைகளை உடைத்து, உப்பும் ஒரு துளி பாலும் விட்டு அடித்தேன். அவள் மாவில் புரட்டி ஒரு முள்ளுக்கரண்டியால் என் பக்கம் தள்ளுவாள். நான் முட்டையில் தோய்த்துப் பாண்தூளுக்குள் போடுவேன். அவள் தூளை மேலே அள்ளிப் போட்டு, முட்டை விரலில் படாமல் உருட்டி எடுப்பாள். சீஸுக்கு மட்டும் முட்டையும் தூளும் இரண்டு தரம். ஒரு துண்டுகூட வெறும் இடம் தெரிய அவள் விடவில்லை. எண்ணெயில் ஒரு சிட்டிகை தூளைப் போட்டுப் பார்ப்பாள். அது உடனே நுரைத்து மேலே வந்தால்தான் துண்டுகளை இறக்குவாள். விரதம் என்பதால் அவள் வாயில் வைக்கவில்லை. உப்புப் பார்ப்பது என் வேலை. ஒரு காளானும் ஒரு சீஸும் சாப்பிட்டுப் பார்த்து, சரி என்றேன்.

காளானும் சீஸும் முடிந்ததும் லாஸ்லோ எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். மடக்குக் கதிரைகளை விரிக்கவேண்டுமாம். ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போய் எட்டிப் பார்த்தேன். வருவது இரண்டு பேர். அவர் வீட்டிலிருந்த அத்தனை கதிரைகளையும் விரித்துக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். கார் தரிப்பிடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

அந்த நேரத்தில்தான் அவள் பெட்டியைத் திறந்து கோலிபிளவரைப் பொரித்தாள்.

நாங்கள் புறப்படக் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே லிஃப்ட் திறக்கிற சத்தம் கேட்டது. ஈவாவும் கணவனும் வழியில் எங்கும் நிற்காமல் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். புஷ்பராணி, தான் வேலையாக இல்லை, அண்ணன் வந்திருக்கிறார், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்று சொன்னாள். அது முழுப்பொய் இல்லை.

"அப்படியென்றால் இருங்கள்" என்றாள் ஈவா. "இத்தனை கதிரைகள் கிடக்கின்றன."

மறுத்துவிட்டுப் போகமுடியவில்லை. வெறுங்கதிரைகளுக்கு நடுவே ஐந்து பேரும் அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்தோம். ஈவா ஒரு காளானை எடுத்துச் சாப்பிட்டாள். முகம் மலர்ந்தது. "அப்பா, அப்படியே இருக்கிறது" என்றாள். லாஸ்லோ கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து அவள் ஒரு கோலிபிளவரைக் கடித்தாள். கடித்த துண்டைக் கீழே இறக்கி உள்ளே பார்த்தாள்.

உள்ளே மஞ்சளாக இருந்தது.

எங்கள் வீடுகளில் கோலிபிளவரை உப்பும் மஞ்சளும் போட்ட சுடுநீரில்தான் போடுவோம். அப்போதுதான் உள்ளே இருக்கிற புழு வெளியே வரும். நோர்வேயில் கடையில் வாங்குகிற கோலிபிளவரில் புழு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போடுவோம். புஷ்பராணி அன்று காலை யோசித்துப் போடவில்லை, கை போட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மஞ்சள் போடாமல் விட்டிருந்தால்தான் எனக்கு அது கண்ணில் பட்டிருக்கும்.

"இது எப்போதிருந்து?" என்று கேட்டாள் ஈவா.

லாஸ்லோ கையை வெளியே எடுத்தார். ஒரு துண்டை எடுக்கப் பார்த்தார். அது தட்டிலேயே விழுந்தது. திரும்ப எடுத்தார், மடியில் விழுந்தது. ஈவாவின் கணவன் பள்ளத்தாக்கைப் பார்த்தான். லாஸ்லோ மடியில் கிடந்ததைப் பிய்த்து உள்ளே பார்த்துவிட்டு, "இந்த வருடம் ஒரு புதுமாதிரி செய்து பார்த்தேன்" என்றார்.

ஈவாவின் பார்வை புஷ்பராணியின் மஞ்சள் படிந்த நகங்களுக்குப் போனது. புஷ்பராணி கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போவதுபோலக் குசினிக்குள் போனாள். ஈவாவும் பின்னால் போனாள். எனக்கு உட்கார முடியவில்லை. நானும் போனேன்.

"புஷ்பா, யார் பொரித்தது?"

நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் நோர்வேஜிய மொழி வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நான்."

பிறகு புஷ்பராணி தொடர்ந்தாள். "ஆனால் அவர் ஒன்றும் மறக்கவில்லை. எது முதல், எது பிறகு, சீஸுக்கு எத்தனை தரம், எல்லாம் அவர் சொல்லச் சொல்லத்தான் செய்தேன். தலை நல்லாக இருக்கிறது. கைதான் ஏலாது."

"எனக்கும் அந்தக் கையைத்தான் பயம்" என்றாள் ஈவா. கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த எண்ணெய்த் தாச்சியின் பிடியை உள்பக்கம் திருப்பி வைத்தாள்.

பல்கனிக் கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் விடைபெறப் போனபோது லாஸ்லோ எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"புஷ்பா, போகிறபோது அந்தக் கதிரைகளை மடித்து வைத்துவிடுகிறாயா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் ஒவ்வொன்றாக மடித்துச் சுவரோடு சாய்த்து வைத்தாள். மூலைகள் ஒன்றோடொன்று பொருந்த வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

திரும்பி வருகிற ரயிலில் எங்கள் பெட்டியில் வேறு ஒருவரும் இல்லை.

"அண்ணை பொரிச்சவர் எண்டு நீ சொல்லியிருக்கலாம். எனக்கென்ன குறையப் போகுது?" என்றேன்.

"நீங்கள் பொரிச்சால் அப்பிடி வருமே? அவ நம்பியிருக்கமாட்டா."

சிரித்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்சோஸில் இறங்கும்போது, "கேக்காமல் விட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டன், அண்ணை. முகத்தைப் பாத்துக் கேட்டிட்டா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்தது கிடையாது.

செப்டெம்பரில் லாஸ்லோவைத் துரொன்ட்ஹைமுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தது என் தங்கைதான். கடைசி மாலை அவருக்கு ஒரு கிளாஸ் பியர் ஊற்றி, அரைவாசிக்கு மேல் போகாமல் கொடுத்தாளாம். அவர் குடித்துவிட்டு, "வேலை போகப்போகிறது உனக்கு" என்றாராம். இப்போது அவளுடைய கடைசி வீடு வேறு ஒருவருடையது. அவர் தொலைக்காட்சியை நிறுத்துவதில்லை. அவள் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

அடுத்த யூலையில் நான் போனபோது மேசையில் கோலிபிளவரும் காளானும் சீஸும் இருந்தன. ஆரும் வருகினமோ என்று கேட்டேன்.

"இல்லை. நீங்கள்தான் வந்திருக்கிறியளே. முட்டையை உடையுங்கோ."

அன்று விரத நாளும் இல்லை. ஆனாலும் முட்டையை என் பக்கம் தள்ளினாள். போன வருடம்போலவே இருவரும் நின்று செய்தோம். கோலிபிளவரை மட்டும் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே அவித்து மாவில் புரட்டி வைத்திருந்தாள். அவள் அளவைக் குறைக்கவில்லை. அவள் வீட்டு பல்கனியில் இரண்டே கதிரைகள். எதிர்க் கட்டடத்தில் ஒரு யன்னலும் திறந்திருக்கவில்லை. நாங்கள் காளானையும் சீஸையும் முடிந்த மட்டும் சாப்பிட்டோம். மிச்சத்தை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கடதாசி விரித்து அடுக்கி, ரயிலுக்கு என்று என் பையில் வைத்தாள்.

பேர்கனுக்குப் போகிற ரயில் மலையில் ஏறுகிறபோது டப்பாவைத் திறந்தேன். யூலையிலும் வெளியே பனி கிடந்தது. பொரியல் ஆறித் தூள் நமுத்துப்போயிருந்தது. உப்பு சரியாக இருந்தது. ஒரு கோலிபிளவரைக் கடித்துவிட்டு உள்ளே பார்த்தேன்.

வெள்ளையாக இருந்தது.