சாகாத வாத்தியாரும் வலையில் விழுந்த கடல்கன்னியும்

இணையத்தில் ஊர்ச் செய்திப் பக்கம் நடத்துவது என்றால், ஊரே ஏற்கெனவே நம்பி முடித்துவிட்ட ஒன்றை 'நிசந்தானா' என்று ஒற்றை ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வேலை.

ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேசை, ஒரு போன், கீழே நிற்கும் ஒரு ஸ்கூட்டி. என் பத்திரிகை ஆபீஸ் இவ்வளவுதான். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை எது நடந்தாலும் எனக்குப் போன் வரும். நடக்காவிட்டால் இரண்டு போன் வரும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வரவும் முடியாமல், உள்ளே இருக்கவும் முடியாமல் தவிக்கிற உங்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே நீங்கள் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதை நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அச்சத்தில் மக்கள்

எங்கள் கடல் அவ்வப்போது உள்வாங்கும். காற்று மாறினால் கொஞ்ச தூரம் பின்னால் போகும், பிறகு அதுவாகவே திரும்பி வந்துவிடும். ராமேஸ்வரத்தில் யாரும் இதற்காகக் கையில் இருக்கும் டீயைக் கீழே வைப்பதில்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் வெளியூர் போய்விட்டால் போதும், சிவப்பு எழுத்தில் 'கடல் மாயம்' என்று சுற்ற ஆரம்பித்துவிடும். அப்படிச் சுற்றிய ஒரு காலையில், நான் அவ்வப்போது வீடியோ அனுப்பும் வெளியூர் சேனல்காரர் கூப்பிட்டார். "மக்கள் அச்சத்துல இருக்காங்களா? அச்சமா ரெண்டு பேரைப் பேச வெச்சு அனுப்புங்க."

போனேன். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அச்சத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் வற்றிய இடத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். மைக்கை நீட்டி, "அக்கா, கடல் இப்படி உள்ள போயிருச்சே, பயமா இல்லையா?" என்றேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"பயப்படணுமா தங்கச்சி? செத்த இரு, இந்தக் கூடை நெறையட்டும், வந்து பயப்படுறேன்."

பஸ்ஸில் ஏறிய ஆடு

தொண்டியில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஒரு வெள்ளாடு ஏறிவிட்டது. கண்டக்டர் கூட்டத்தில் கவனிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள், பின்னாலேயே பைக்கில் துரத்தி வந்த ஆட்டுக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நான்கு வரிச் செய்தி. காலை ஒன்பது மணிக்குப் போட்டேன்.

மத்தியானம் சோறு சாப்பிடும்போது அம்மா போனை நீட்டி, "இதைப் பாரு, எவ்வளவு அதிசயமா இருக்கு" என்றார். அதே ஆடு. நான் எடுத்த அதே படம். ஆனால் அது இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, ராமநாதபுரம் வந்ததும் தானாக இறங்கி, நேராகத் தன் பழைய எஜமானர் வீட்டுக்கு நடந்து போயிருந்தது. எஜமானர் கதறி அழுதாராம். கடைசியில், 'மனிதர்களிடம் இல்லாத நன்றி' என்று ஏழு கைகூப்பு. "யம்மா, இதை எழுதினதே நான்தான். அது அடுத்த ஸ்டாப்லயே இறங்கிருச்சு" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம்.

"உனக்கு எல்லாம் தெரியுமாக்கும்? இது பெரிய குரூப்ல வந்தது."

மண்டபத்தில் கடல்கன்னி

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் எதையோ தாங்கிப் பிடித்திருப்பார்கள், ஒரு வால் மேலே எழும்பி அடிக்கும். கரையிலிருந்து நடுங்கும் கையால் எடுத்தது. கீழே 'மண்டபத்தில் கடல்கன்னி'. விசாரித்துக்கொண்டு போனதில் வீடியோவில் இருந்த மீனவர் சூசை அண்ணனைக் கண்டுபிடித்தேன். வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பரப்பிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

வலையில் விழுந்தது ஆவுளியா. கடல்பசு என்று புத்தகத்தில் போடுவார்களே, அதுதான். "மூச்சு விட மேல வரணும் தங்கச்சி, இல்லாட்டி செத்துப்போகும். கண்ணைத் தொறந்து என்னையவே பாக்குது. வலையாவது ஒண்ணாவதுன்னு அறுத்து விட்டுட்டோம்" என்றார். புது வலை. அதை அவர் சொல்லவில்லை, வலையைப் பார்த்தாலே தெரிந்தது. இதை அப்படியே எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் மனைவி மேரி அக்கா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். துபாயில் இருக்கும் தம்பி, தூத்துக்குடியில் இருக்கும் நாத்தனார், ஞாயிறு பூசைக்கு வந்த பெண்கள் என்று மூன்று நாளாக எல்லோரும் அக்காவிடம் 'உன் வீட்டுக்காரர் கடல்கன்னியைப் பிடிச்சாராமே?' என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம்.

"ஆவுளியாவோ என்னமோ, நல்லா எழுது. ஆனா இந்த மனுசன் ஒரு கன்னியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாருன்னு ஒலகமே பாத்த பெறகு, கட்டுன பொண்டாட்டிக்குக் கடைசியா தெரிஞ்சுச்சு பாரு, அதையும் சேத்து எழுது."

கலாச்சாரம் கெட்ட நாள்

திருவாடானைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பர்கள் வழக்கம்போலப் பத்திரம் ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்து, 'ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் விளையாட இவரைத் தடுக்க மாட்டேன்' என்று பெண்ணிடம் கையெழுத்துக் கேட்டார்கள். புவனா என்ற அந்தப் பெண் சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து இன்னொரு பத்திரத்தை எடுத்தாள். 'ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போகுமுன் சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டுப் போவேன். மனைவி எழுந்திருக்கும்போது சமையல் முடிந்திருக்கும்.' மாப்பிள்ளை அசடு வழியக் கையெழுத்துப் போட, மண்டபமே கைதட்டியது. நானும் கைதட்டிவிட்டு வீடியோவைப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கமெண்ட்டில் வந்து இறங்கிவிட்டார்கள். கலாச்சாரம் செத்துவிட்டது என்றார் ஒருவர். இந்தக் கல்யாணம் ஒரு மாதம் தாங்காது என்று இன்னொருவர் நாள் குறித்தார். புவனா போன் பண்ணினாள். குரல் அடங்கியிருந்தது. "அக்கா, இங்கன எல்லாரும் கமெண்ட்டைத்தான் படிச்சுக்கிட்டு இருக்காக. அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் வெளாட்டுக்குத்தானக்கா செஞ்சேன்?" உடனே வீடியோவை எடுத்துவிட்டேன். ஒருத்தியின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க அந்த வீட்டுக்கே போனேன். மாமியார் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். புவனா கதவோரம் நின்றாள். உள் அறையில் மாமனார் இருமினார். "நீதான் அதைப் போட்டதா?" "ஆமாம்மா. தப்புத்தான். எடுத்துட்டேன்" என்றேன். அவர் பதறிப்போய்விட்டார்.

"அடிப்பாவி, எதுக்கு எடுத்த? அந்தப் பத்திரத்துல இருந்த வாசகத்தைப் பாத்து எழுதிக்கிட்டு, அந்தா உள்ள இருமுறாரே, அவருகிட்ட நானும் ஒரு கையெழுத்து வாங்கலாம்னுல இருந்தேன்!"

உயிரோடு ஒரு அஞ்சலி

இது முழுக்க என் தவறு. 'ஓய்வு பெற்ற ஆசிரியர் கதிரேசன் காலமானார்' என்று தகவல் வந்தது. கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆனால் படத்தை என்னிடமிருந்த பழைய பள்ளிவிழாப் படங்களிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். அது வேறு கதிரேசன். இவரும் ஓய்வு பெற்ற வாத்தியார். காலமாகவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். அவரே போன் பண்ணினார். "யம்மா, நான் கதிரேசன் பேசுறேன். இறந்துபோன கதிரேசன்."

படத்தை நீக்கிவிட்டு, சரியான படத்தைப் போட்டுவிட்டு, ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளை வேட்டி சட்டையில், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஸ்கிரீன்ஷாட்டில் தன் அஞ்சலிகளைப் படித்துக்கொண்டிருந்தார். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "வாத்தியார் உயிரோட இருக்காருன்னு இப்பவே போட்டுறேன் சார்" என்று போனை எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "போடாத. ஒரு அரை மணி நேரம் பொறு." ஒரு கமெண்ட்டைக் காட்டினார். 'அண்ணே, சொல்லாமப் போயிட்டியே. பஸ் ஏறிட்டேன்.' தொண்டியில் இருக்கும் தம்பி. ஒரு வேலித் தகராறில் பேச்சை நிறுத்திப் பதினைந்து வருடம். "உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா பாதியிலயே இறங்கிருவான். அவன் வந்து சேர்ற வரைக்கும் நான் செத்தே இருக்கேனே" என்றார். 'வாத்தியார் உயிரோடு இருக்கிறார்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் எழுதி, போடாமல் வைத்துக்கொண்டு, நானும் அவரோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

தம்பி வந்தார். ஆள் உயர ரோஜா மாலையோடு, அழுது வீங்கிய முகத்தோடு, தெருமுனையில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, வாசலில் அண்ணன். திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்கே பயம். அண்ணன்தான் எழுந்து இரண்டு அடி வைத்து, "வாடா" என்றார். அவ்வளவுதான். தம்பி ஓடிவந்து மாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். இரண்டு பேரும் அழுதார்கள், நான் அவர்களைவிடச் சத்தமாக அழுதேன். ரோஜா இதழெல்லாம் வாசல் முழுக்க. முதலில் குரல் வந்தது தம்பிக்குத்தான்.

"ஏண்ணே, சாகலைன்னா ஒரு போன் போட்டுச் சொல்ல மாட்டியா? மாலை வாங்காம, வாயில போடுற மாதிரி அல்வாவாவது வாங்கிட்டு வந்திருப்பேன்ல!"

இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டது இதுதான்: உண்மையைப் போட்டால் லைக் விழாது, தப்பாகப் போட்டால் ஊரே திட்டும், ஆனால் ஒருநாள் எதையும் போடாமல் இருந்துவிட்டால் போதும், 'என்னம்மா, செய்தி ஒண்ணும் இல்லையா, நாங்களே ஏதாவது அனுப்பட்டுமா' என்று கேட்டு மறுநாளே ஆளுக்கொரு வதந்தியோடு வந்து நிற்பார்கள்.