முள் என் பக்கம்

ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் நான் “எஞ்சின் கொதிக்குது, நிப்பாட்டுங்க” என்றால், “ஒனக்கென்ன தெரியும்?” என்பார் என் கணவர். ஒருநாள் சூட்டில் எஞ்சின் இறுகியே போனது.

அதைச் சரிசெய்த பிறகு, எங்கள் பழைய பிக்கப் வண்டிக்குச் சூடு காட்டும் மீட்டர் பூட்ட பதுளைக்குப் போனோம். பூட்டியவர் மெலிந்த மனிதர். வயர்த் துண்டைக் கடித்தபடியே பேசுவார். எப்போதும் உட்காருவதுபோல எங்களை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மீட்டரை என் இருக்கைக்கு முன்னால் பூட்டினார்.

“ஓட்டுறது நானுங்க!” என்றார் கணவர்.

“நீங்க ரோட்டப் பாருங்க. முள்ள அக்கா பாக்கட்டும்.”

அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. “நிப்பாட்டுங்க” என்றேன். மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்.

அந்தக் கடையில் நான் வாயே திறக்கவில்லை. அந்த மனிதர் என்னத்தைக் கண்டார் என்று இன்னும் யோசிக்கிறேன், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.