கூட்டாமல் வைத்த வீடு

எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குக் கிளம்பிப் போனால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவரிடமிருந்து தகவல் வரும்வரை யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது. தொட்டால், போனவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டதாக ஆகிவிடுமாம். இது என் அக்காவின் சட்டம். அவளுக்கு முன்னால் எங்கள் அம்மாவின் சட்டமாக இருந்தது. தருமபுரிக்குப் போனவர் டீ ஆறுவதற்குள் சேர்ந்துவிடுவார். பெங்களூருக்குப் போனவர் மதியச் சாப்பாட்டுக்குள் போன் பண்ணிவிடுவார். அதைத் தாண்டி யாரும் போனதில்லை என்பதால் அந்தச் சட்டத்தால் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

அப்போதுதான் அக்காவின் மகளுக்கு மேகாலயாவில் வேலை கிடைத்தது. வானிலையைக் கவனித்துப் பதிவு செய்கிற வேலை. வானத்தில் என்ன மேகம் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு மழை பெய்தது என்று வேளாவேளைக்குப் பார்க்க வேண்டும். எங்கள் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் மேகம் என்பது, வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுகிற சொந்தக்காரர். “அண்ணாந்து பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்று மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த வேலைக்கான பரீட்சையை அவளை எழுத வைத்தது நான். அதனால் அந்தச் சிரிப்புக்கும் அதற்குப் பின்னால் வந்த அழுகைக்கும் நானே பொறுப்பு.

அவள் கெட்டிக்காரி, ஆனால் வீட்டை விட்டு இருக்கத் தெரியாதவள். முதலில் சேலத்தில் விடுதியில் சேர்த்துத்தான் படிக்க வைத்தோம். வாரம் முடிவதற்குள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அங்கே யாரும் திட்டவில்லையாம், சோறும் நன்றாகத்தான் இருந்ததாம். பிறகு தருமபுரியில் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தே படிப்பை முடித்தாள். இந்தத் தடவையும் அப்படித் திரும்பினால் வேலை போய்விடும். வேலை போனால் போகிறது, தன்னால் எங்கேயும் இருக்க முடியாது என்று அவளே முடிவு கட்டிவிடுவாளே என்றுதான் எனக்குப் பயம்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்னால் ஒரு விடிகாலையில் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வத்தல்மலைக்குப் போனேன். குளிருக்குப் பழக்கிக் கூட்டி வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வளைவு வளைவாக ஏற ஏறக் கீழே இருந்த சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. காப்பிச் செடிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியபோது வெள்ளையாக ஒன்று அவசரமில்லாமல் வந்து எங்களைச் சுற்றிக்கொண்டது. மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு ஸ்கூட்டர் போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அவளே பாதிதான் தெரிந்தாள்.

“சின்னம்மா, இதுவும் மேகந்தானே? உள்ள நின்னா மேகமே தெரியல.”

“அதையே எழுதி வெச்சிரு. மேகம் தெரியலன்னு.”

அவள் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“அங்க நான் வந்தனா போனனான்னு ஒருத்தருக்கும் தெரியாதில்ல? சேலத்துலயும் எனக்கு அதுதான். சாயங்காலம் ரூமுக்கு வந்தா, வந்துட்டயா கண்ணுன்னு கேக்க ஒரு ஆளில்ல.”

கையை நீட்டித் துழாவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் வந்து மரங்களைத் திருப்பிக் கொடுக்கும்வரை அப்படியே நின்றோம்.

கூட மாமா போய் விட்டு வரட்டும் என்றாள் அக்கா. நான்தான் வேண்டாம் என்றேன். கொண்டுபோய் விட்டால் கூடவே கிளம்பி வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். “எம் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா உன்னச் சும்மா உட மாட்டேன்” என்றாள் அக்கா. ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருக்கிறவர்கள் நாங்கள். சும்மா விடாவிட்டால் நான் எங்கே போவது.

அது புளி தட்டுகிற காலம். கிளம்புகிற அன்றும் கூடத்தில் புளியம்பழம் குவிந்து கிடந்தது. அக்கா ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக்கொண்டே அழுதாள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவைச் சீண்டினாள். “நான் போயிச் சேர்றதுக்குள்ள வூடு புளியந்தோப்பா மாறிடும் பாரு. யாராச்சும் கூட்டித் தொலைங்கம்மா.”

“வாய மூடு. நீ போயிச் சேரு மொதல்ல.”

மாமா அவளைப் பெங்களூரில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினார். வீடு கூட்டப்படாமல் கிடக்கத் தொடங்கியது.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தூக்கத்தில் நடந்தவை மாதிரித்தான் இருக்கின்றன. புளி காத்திருக்காது என்று அக்கா தட்டிக்கொண்டே இருந்தாள். ஓடுகள் கூடமெங்கும் பரவின. நடந்தால் காலடியில் நொறுங்கின. சாயங்காலக் காற்று கொல்லையிலிருந்து செம்மண்ணைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக அதன்மேல் தூவியது. நிலைக்கண்ணாடிக்குக் கீழே மகள் தலைசீவி எறிந்த முடிச்சுருள், வாடிய கனகாம்பரம் இரண்டு, பவுடர் கொட்டிய வெள்ளை. காற்றடித்தால் முடிச்சுருள் கொஞ்சம் உருண்டு, நின்று, மறுபடி உருளும். மாமா அதைச் சுற்றிக்கொண்டு போவார். அக்காளும் சுற்றிக்கொண்டு போவாள். எனக்குத் தூசி ஆகாது. தும்மித் தும்மி மூக்கு சிவந்து, மனதுக்குள் அந்தச் சட்டத்தைப் போட்டவர்களையெல்லாம் திட்டினேன். ஆனாலும் நானும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

நடுநடுவே அவள் ரயிலிலிருந்து வீடியோவில் வருவாள். ஜன்னலுக்கு வெளியே ஆந்திரா ஓடும். அப்புறம் கேட்டால் ஒடிசா என்பாள். பெரிய பெரிய ஆறுகள், வாழைத் தோட்டத்துக்கு நடுவே சின்னச் சின்னக் குளங்கள், குளித்துக்கொண்டே ரயிலைப் பார்க்கிற யாரோ. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. புளி ஓடுகளுக்கு நடுவே உட்கார்ந்து மூவரும் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் பார்த்துக்கொண்டே இருப்போம். சிக்னல் போனதும் கூடம் ரொம்பப் பெரிதாகிவிடும்.

வங்காளத்தில் எங்கோ ரயில் நின்றுபோன ஒரு மதியம் அவள் கூப்பிட்டாள். படம் இல்லை, குரல் மட்டும்தான். “அம்மா, என்னால முடியல. ஒருத்தர் பேசறதும் புரியல. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி திரும்பி வந்துடறேன்.”

அக்காவின் உதடு ‘வந்துரு சாமி’ என்று சொல்லத் திறந்ததை நான் பார்த்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டேன். என்னென்னவோ நல்ல வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன். வந்தது தும்மல். ஒன்றல்ல, வரிசையாக.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. “சின்னம்மா, நெசமாவே இன்னும் கூட்டலையா?”

“எப்படிக் கூட்டறது? நீதான் இன்னும் போயிச் சேரலயே.”

“பாதியில திரும்புனா?”

“அதுக்கு உங்கம்மாகிட்ட சட்டமே இல்ல. இப்படியே கெடக்க வேண்டியதுதான். உன் முடிகூட கண்ணாடிக்குக் கீழயேதான் உருண்டுக்கிட்டு இருக்குது. உங்கப்பா அதுக்கு வழி உட்டுட்டு நடக்கறாரு.” மறுபடி தும்மினேன். பிறகு குரல் என்னை மீறி இறங்கிவிட்டது. “வந்தனா போனனான்னு கேக்க ஆளில்லன்னு மலையில சொன்னயே. இங்க ஒரு வூடே நீ போயிச் சேந்தயான்னு கேட்டுக்கிட்டுக் கெடக்குதுடி.”

அந்தப் பக்கம் ரயில் பெட்டிக்குள் யாரோ டீ விற்றுக்கொண்டு போனார்கள். பிறகு ரயில் நகர்ந்தது எனக்கே கேட்டது. “சரி, வெக்கறேன்” என்று வைத்துவிட்டாள். எதற்குச் சரி என்று தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷன் வந்து போயிருக்கும் என்று நாங்களாகக் கணக்கிட்ட நேரம் முழுக்க அக்கா என்னிடம் பேசவில்லை. அன்றைக்கு அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை வெயில் கூடத்துக்குள் வந்து பாதி தூரம் நீண்டிருந்தபோது போன் வந்தது. ஜீப்பில் மலையேறி வந்து சேர்ந்துவிட்டாளாம். கையெழுத்தும் போட்டுவிட்டாளாம். அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து நேராகத் துடைப்பத்திடம் போனாள். அவள் கூட்டக் கூட்டத் தூசி எழும்பி வெயிலில் பொன்னாக மிதந்தது. வத்தல்மலையில் மகள் பாதி தெரிந்த மாதிரியே அக்காளும் அதற்குள் பாதிதான் தெரிந்தாள். முடிச்சுருளிடம் வந்ததும் கொஞ்சம் நின்றாள். அப்புறம் அதையும் கூட்டி எடுத்தாள். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. சேலத்துக்கும் போய்ச் சேர்ந்தவள்தானே.

சாயங்காலம் வீடியோவில் தன் அறையைக் காட்டினாள். ஜன்னல் நிறைய மேகம், அவ்வளவுதான் வெளியே. உள்ளே பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. தரையெல்லாம் காகிதத் துண்டுகள், தூசி, காய்ந்த ஆரஞ்சுத் தோல், மூலையில் யாருடையதோ உடைந்த வளையல். அவளுடைய பாய் மட்டும் சுவரோரமாகக் கொஞ்ச இடத்தில் விரித்துக் கிடந்தது.

“ஏண்டி, பொழுதுக்கும் என்ன பண்ணின? வந்ததும் வராததுமா ரூமக் கூட்ட வேணாமா?”

“கூட்டக் கூடாது சின்னம்மா.”

“ஏன்?”

“எனக்கு முன்னால இங்க இருந்த அக்கா இன்னிக்குத்தான் மாத்தலாகிக் கெளம்பிப் போனாங்களாம். ராஜஸ்தானாம். அவங்க இன்னும் போயிச் சேரல.” சாதாரணமாகத்தான் சொன்னாள். “வாட்ச்மேன்கிட்ட அவங்க நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். சேந்ததும் சொல்லுங்கன்னு மெசேஜ் போட்டிருக்கேன். அது வரைக்கும் இப்படி ஓரமாப் படுத்துக்கறேன்.”

நான் போனை அக்காவிடம் நீட்டிவிட்டேன். கண்ணில் தூசி என்று சொல்லக்கூட வழியில்லை, காலையில்தான் வீடு முழுக்கக் கூட்டியாகிவிட்டது.

அன்றிலிருந்து அக்கா காலையில் எழுந்ததும் மகளிடம் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. சாப்பிட்டயா, தூங்கினயா எல்லாம் பிறகுதான். “யாரு பெத்த பொண்ணோ, அந்தப் பொண்ணு போயிச் சேந்துச்சா?” என்பாள். “இன்னும் இல்லம்மா, ரயிலு லேட்டாம்” என்று மேகத்துக்குள்ளிருந்து பதில் வரும்.

பிறகு ஒரு நாள், நான் கம்பைநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. “அவங்க சேந்துட்டாங்க. கூட்டிட்டேன்.”