கடைசி நாலு கிலோமீட்டர்

நேற்று திருவள்ளூர் மார்க்கெட்டில் ஒரு வாசகர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐம்பது கிலோமீட்டர்! அதுவும் குடும்பத்தோட! இன்னா சார், பின்னிட்டீங்க!"

நான் பையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏன் என்கிறீர்களா? சொல்லித் தொலைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஓர் இலங்கைத் தமிழர் முகாம். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் அமைய வேண்டும். அதற்காகத்தான் நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள் - மூன்று பேரும் திருவள்ளூரிலிருந்து இரண்டு நாள் நடைப்பயணம். கிலோமீட்டருக்கு ஒரு புத்தகம் வாசகர்கள் தர வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், அந்தக் கிலோமீட்டரை நடந்தவர்கள் பெயரை - ஆமாம், எங்கள் பெயரைத்தான்! - எழுதி நூலகத்துக்குக் கொடுப்போம். இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் மூன்று வாரம் தம்பட்டம் அடித்தேனே, மறந்திருக்க மாட்டீர்கள்.

முதல் நாள் பெரியபாளையம் வரை ஜோராகத்தான் போனது. மறுநாள் புதுவாயலில் ஹைவே ஏறியதும் வெயில், லாரி, புழுதி... மனைவி நொண்ட ஆரம்பித்தாள். முகாமுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொப்புளம் ஒடஞ்சிடுச்சிங்க. இனிமே ஒரு அடி கூட என்னால ஆவாது."

அவளை மட்டும் ஆட்டோவில் அனுப்பிவிட்டு நானும் மகளும் நடந்திருக்கலாம். ஆனால் எனக்கும் முட்டி கெஞ்சிக்கொண்டிருந்தது. அவள் கால் எனக்கு ஒரு சாக்கு. அதுதான் உண்மை.

பேனரைச் சுருட்டினேன்.

"பேனர இன்னாத்துக்குப்பா சுருட்டுற?" என்றாள் மகள். நான் ஒரு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.

கம்பெனிகளில் ஷிஃப்ட் விட்ட நேரம். "ரெண்டு பேர்னா அட்ஜஸ் பண்ணிக்கலாம் சார். மூணு பேருன்னா பேஜாரு" என்றார் டிரைவர்.

உள்ளே, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண். மனைவியின் காலைப் பார்த்தார். சட்டென்று இறங்கிவிட்டார்.

"நீங்கள் ஏறுங்கோ அக்கா. நான் அடுத்ததில வாறன்."

அந்தப் பேச்சைக் கேட்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அகதிகளுக்காக நடக்கக் கிளம்பியவன்! "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முகாமுக்கு முந்தைய திருப்பத்தில் இறங்கினோம். பேனரை விரித்தோம். நொண்டியபடி - நான் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டியபடி - உள்ளே நுழைந்தோம்.

கைதட்டல், ஆரத்தி, ஆளுக்கொரு சோடா. எல்லாம் முடிந்து கூட்டம் கூடியது. எனக்குப் பொன்னாடை போர்த்திய முகாம் தலைவர், "எங்களுக்காக ஐம்பது கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கினம்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ வந்து நின்றார்கள்.

அந்தப் பெண்! அறுந்த செருப்பு கையில். கால் முழுக்கப் புழுதி.

"ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் தலைவர்.

"ஒரு ஆட்டோவிலயும் இடமில்லை அண்ணை. நடந்து வந்தனான்."

என்னைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவரோ நேராக உள்ளே போய், ஒரு பேசினில் வெந்நீரும் உப்பும் கலந்து எடுத்துவந்து மனைவியின் முன்னால் வைத்தார்.

"காலை விடுங்கோ அக்கா. முதல்ல கொஞ்சம் எரியும். பிறகு சுகமா இருக்கும்."

மைக் என் கைக்கு வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? "மனசு இருந்தா எவ்வளவு தூரமும் நடக்கலாம்" என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன். அதற்கும் கைதட்டினார்கள். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திரும்பும்போது ரயிலில் மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தாள். "அந்த ஆன்ட்டி நடந்தத எழுதிடுப்பா."

எழுதிவிட்டேன்.

உங்கள் ஐம்பது புத்தகங்களும் வந்து சேர்ந்துவிட்டன. நாற்பத்தாறில் எங்கள் பெயர்களை எழுதினேன். மிச்சம் நாலு. அதில் நடந்தவர் பெயரைத்தானே எழுத வேண்டும்? பேனாவைத் திறந்தேன்...

அவர் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை.