சார் சொன்னால்தான் சாவி

போன வருடம் குற்றாலத்தில் சீசன் நல்ல உச்சத்தில் இருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தேன். எங்கள் வீடு மேலகரத்தில். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அருவிக்குப் போகாமல் இருக்க எங்களால் முடியாது. காரை நான்தான் ஓட்டிப் போனேன். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு என்னிடம் பேசிய அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான் நம்ப முடியாத விஷயமாக இருந்தது.

கார் என்னுடையது. சிவகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். என் சம்பளத்தில் லோன் போட்டு என் பெயரில் வாங்கிய கார். தென்காசியிலிருந்து இன்னும் இரண்டு டீச்சர்கள் தினமும் என்னோடு வருவார்கள். என் கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், வந்தால் அவரும் அந்தக் காரை ஓட்டுவார். அவ்வளவுதான் காருக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம்.

குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்களுக்குப் பெரிய கவலையே சாவியை எங்கே வைப்பது என்பதுதான். பையில் வைத்துவிட்டுப் போனால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் சாவியைத் துணி முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு அருவியில் நிற்பார்கள். வீட்டுச் சாவியை எத்தனையோ சீசனில் அப்படிக் கொண்டுபோயிருக்கிறேன். அன்றைக்கும் அதே பழக்கத்தில் கார் சாவியை ஷால் முனையில் இறுக்கி முடிந்துகொண்டேன். இது வெறும் இரும்புச் சாவி இல்லை, உள்ளே பேட்டரியும் சிப்பும் இருக்கிற சாவி என்பது அந்தக் குளிரில், அந்தக் கூட்டத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

பெண்கள் பகுதியில் நல்ல நெரிசல். தண்ணீரும் கனமாக விழுந்தது. பின்னால் இருந்து ஒரு கூட்டம் தள்ள, நான் போய்ப் பாறையில் இடித்தேன். இடுப்பில் சுள்ளென்று வலித்தது. அடி என் மேல்தான் என்று நினைத்து மேலும் கொஞ்ச நேரம் ஆனந்தமாகக் குளித்துவிட்டு வெளியே வந்து முடிச்சை அவிழ்த்தால், சாவியின் மூடி பிளந்து, உள்ளே சிப் இருந்த பச்சைப் பலகை இரண்டு துண்டாக உடைந்து கிடந்தது. தண்ணீர் வேறு சொட்டியது.

அந்தச் சாவிக்குள் அவசரத்துக்கு ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கும். அதை உருவிக் கதவைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், திருடன் புகுந்துவிட்டான் என்று கார் அலற ஆரம்பித்தது. ஐந்தருவியில் கார் நிறுத்துகிற இடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எண்ணெய் தேய்த்த உடம்போடு, துண்டு கட்டிய ஆண்கள் ஏழெட்டுப் பேர் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

“வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தா?”

“நான்தான்.”

“இல்லக்கா, கூட யாரு வந்திருக்கா? ஆம்பளைக யாரும் வரலையா?”

ஒருவர் என்னிடம் கேட்காமலே கையில் இருந்த சாவியை வாங்கி வாயால் ஊதினார். அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கித் துண்டில் துடைத்தார். மூன்றாமவர் எண்ணெய்க் கையோடு வாங்கிக் கீழே போட்டார். பலகை உடைந்து போனதை நான் சொல்லச் சொல்ல, ஒருவர் மாற்றி ஒருவர் பொத்தானை அமுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் கையிலும் ஒரு சுற்று சுற்றி முடித்து, அதைப் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் கையில் கொடுத்து, “அண்ணாச்சி, நீங்க பாத்துக்கிடுங்க” என்றார்கள். சாவிக்குச் சொந்தக்காரி ஈரத் துணியோடு அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன்! அந்த ஆட்டோக்காரரிடமிருந்து என் சாவியை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பிறகு அதே ஆட்டோவில் மாமியையும் மகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற லாரி வரும்வரை காத்திருந்தேன். லாரிக்காரர் இறங்கியதும் கேட்டது, “சார் நம்பர் தாங்க மேடம்.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் லாரி காரைக் கொண்டுபோய் விட்டிருந்த தென்காசி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே முன்னால் உட்கார்ந்திருந்தவர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். புதுச் சாவி கம்பெனியிலிருந்து வர வேண்டும், வந்த பிறகு அதை இந்த வண்டியோடு பதிய வேண்டும் என்று விளக்கினார். ஆர்.சி. புத்தகத்தையும் ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“வண்டி வாங்கும்போது ரெண்டு சாவி கொடுத்திருப்பாங்களே மேடம். இன்னொண்ணு எங்க?”

“சவூதியில இருக்கு.”

சிரித்துவிட்டார். சிரிக்கிற விஷயம்தான். கடைசியாக லீவு முடிந்து போனபோது திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரைக்கும் என் கணவர்தான் காரை ஓட்டினார். அவர் இறங்கியதும் என் சாவியால் நான் வண்டியை எடுத்து வந்துவிட்டேன், அவர் சாவி அவர் பையிலேயே விமானம் ஏறிவிட்டது. போனில் சொன்னபோது, “கிடக்கட்டும். ரூம்ல ஆணியில மாட்டிருக்கேன். நம்ம வண்டி சாவி கையில இருக்குன்னு ஒரு நெனப்பு” என்றார். அப்போது எனக்கும் அது பிரியமாகத்தான் பட்டது. அங்கே தனியாகக் கிடக்கிற மனுஷன், ஆசைக்கு வைத்துக்கொள்ளட்டுமே என்று விட்டுவிட்டேன்.

சிரித்து முடித்த சர்வீஸ்காரர், “சரி மேடம். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆர்டர் போட்டுருதேன்” என்றார்.

எதற்கு என்று கேட்டேன். ஆர்.சி. புத்தகம் அவர் கையில்தான் இருக்கிறது. அதில் என் பெயர். ஆதாரிலும் என் பெயர், என் போட்டோ. நானே எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு அவர், முன்பு ஒரு வீட்டில் மனைவி வந்து புதுச் சாவி போட்டுக்கொண்டு போனதால் கணவர் வந்து சண்டை போட்டார், அதிலிருந்து இப்படித்தான் செய்கிறோம் என்றார். சரி, என் கணவர் வந்து சாவி கேட்டால் எனக்குப் போன் போட்டுக் கேட்பீர்களா என்றேன். நான் ஏதோ ஜோக் அடித்துவிட்டது போல மறுபடியும் சிரித்தார்.

அந்த இடத்திலேயே எழுந்து கத்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கார் வேண்டுமே என்ற அவசரத்தில் போனைப் போட்டுக் கொடுத்தேன். கொடுத்ததும் இரண்டு பேரும் பல நாள் பழகியவர்கள் போலப் பேசத் தொடங்கினார்கள். “பாய், நல்லா இருக்கியளா? இங்கன சாரல் பிரமாதமா இருக்கு, நீங்கதான் இல்ல.” அருவியில் தண்ணீர் எப்படி, கூட்டம் எப்படி என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு சாவிக்கு வந்தார்கள். ஸ்பீக்கரில் என் கணவர் குரல் எனக்கும் கேட்டது.

“புதுச் சாவியெல்லாம் இப்ப வேண்டாம். நான் லீவுல வரும்போது இந்தச் சாவியக் கொண்டாருதேன். அதுவரைக்கும் வண்டி அங்கனயே நிக்கட்டும். அவ பஸ்ல போய்க்கிடுவா.”

அவர் லீவுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. ஊருக்கு வருகிற ஆள் யாரிடமாவது சாவியைக் கொடுத்து அனுப்பலாமே என்று நான் குறுக்கிட்டால், தொலைந்துவிடும் என்கிறார். என் லோனில் வாங்கிய என் கார் நிற்கட்டும் என்று அவர் சொல்கிறார், சர்வீஸ்காரர் சரி பாய் என்கிறார், பேச்சு முடிந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த என்னை இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை என் கையில் திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதர் முகத்தில் ஒரு பெரிய பிரச்சினையைத் தீர்த்து வைத்த திருப்தி.

அந்த வாரம் முழுக்க பஸ். மேலகரத்திலிருந்து தென்காசி, அங்கிருந்து சிவகிரி. பஸ்ஸில் போவது ஒன்றும் கேவலமில்லை, வருடக்கணக்கில் போயிருக்கிறேன். அந்த நின்றுகொண்டே போகிற பாட்டுக்கு முடிவு கட்டத்தான் அந்தக் காரையே வாங்கினேன். என்னால் அந்த இரண்டு டீச்சர்களும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் மெதுவாக என் காதருகே வந்து கேட்டார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல சண்டையா? வண்டியப் புடுங்கிட்டாங்களா?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மேல் கோபமில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தானே தெரியும்! ஒரு சாவி உடைந்தது. அது ஆணின் சாவியாக இருந்தால் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். என் சாவி உடைந்ததும் எனக்கு வண்டி ஓட்டும் உரிமை உண்டா என்று ஊரே உட்கார்ந்து யோசிக்கிறது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் போனால், இனி எதற்கெடுத்தாலும் வண்டி நிற்கும், டயர் பஞ்சரானாலும் சவூதிக்குத்தான் போன் போகும் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

வீட்டில் மாமியிடம் புலம்பினேன். மகன் பக்கம்தான் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், “அவன் அங்கன இருந்துக்கிட்டு வண்டி நிக்கட்டும்னு சொல்லுதான். அடுத்த வாரம் கண்ணாஸ்பத்திரிக்கு என்னைய எவன் கூட்டிட்டுப் போவான்? அவனா?” என்றார். அவர் கவலை அவருக்கு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை திரும்பவும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அதே ஆள். என்னைப் பார்த்ததும் கை தானாகப் போனை எடுத்தது. “போனைக் கீழ வைங்க” என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் அது, எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள்.

ஆர்.சி. புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்து, “இதுல யாரு பேரு இருக்கு, சத்தமா வாசிங்க” என்றேன். அவர் வாசிக்கவில்லை. “மேடம், குடும்ப விஷயத்துல நாங்க…” என்று இழுத்தார். “இது குடும்ப விஷயம் இல்ல, சாவி விஷயம். வண்டிக்குச் சொந்தக்காரி கேட்டா சாவி தரமாட்டோம், புருஷன் சொன்னாத்தான் தருவோம்னு ஒரு பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் கொடுங்க. நான் போயிடுதேன்” என்றேன்.

உள்ளே இருந்து மேனேஜர் ஓடி வந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். டீ வேண்டுமா என்று கேட்டார்கள். பத்தே நிமிஷத்தில் ஆர்டர் போட்டார்கள். ஒன்றல்ல, இரண்டு சாவிக்கு. பத்து நிமிஷத்தில் ஆகிற காரியத்துக்குத்தான் என்னை ஒரு வாரம் பஸ்ஸில் தொங்கவிட்டார்கள் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

சாவிகள் வந்து சேர்ந்ததும் கூப்பிட்டார்கள். சர்வீஸ் சென்டரின் இரும்புக் கூரைக்குக் கீழே என் கார் தூசி படிந்து நின்றது. மெக்கானிக் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி, கையில் இருந்த சின்னக் கருவியில் எதையோ தட்டினார். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“மேடம், ஒரு விஷயம். இந்த வண்டில புதுச் சாவி பதியணும்னா, பழைய சாவி எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் பதிய முடியும். இப்ப இங்கன கையில இருக்குத சாவி மட்டுந்தான் வேலை செய்யும். வெளிநாட்டுல இருக்குத சாவி செத்துப்போவும். பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

மறுபடியும் அதே ஒரு வார்த்தை! சொன்னவருக்கே தான் என்ன சொன்னோம் என்பது புரிந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு நொடி எனக்கும் மனசு தயங்கியது என்பது உண்மை. ஆணியில் மாட்டியிருக்கும் அந்தச் சாவி கண் முன்னால் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே, வண்டி அங்கனயே நிக்கட்டும் என்ற குரலும் வந்தது.

“அழிங்க” என்றேன்.

கார் ஸ்டார்ட் ஆனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வைப்பரைப் போட்டுக் கண்ணாடித் தூசியிலேயே கவனமாக இருப்பது போல நடித்தேன். மறுநாள் மாமியைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அதற்கு மறுநாள் இரண்டு டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு சிவகிரிக்குப் போனேன். கார் சரியாகிவிட்டது என்று கணவரிடம் சொன்னேன். அழித்ததை மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அவர் லீவில் வந்தபோது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு காரருகே வந்தவர், சிரித்த முகமாகப் பையிலிருந்து தன் சாவியை எடுத்து அமுக்கினார். கார் கண்டுகொள்ளவில்லை. காரை ஒட்டி வந்து அமுக்கினார். உதறிவிட்டு அமுக்கினார். “பேட்டரி போயிட்டு போலுக்கு” என்றார். நான் என் சாவியை அமுக்கினேன். விளக்கு மின்னிக் கதவு திறந்தது.

“பேட்டரி இல்ல மச்சான். அதை அழிச்சாச்சு.”

விவரத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார். மலையெல்லாம் ஏறி இறங்கி, புளியறையில் செக்போஸ்ட் தாண்டி ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினேன். டீயைக் கையில் வாங்கிக்கொண்டுதான், “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றார்.

“நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றேன்.

டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தார். பிறகு, “கேக்கல” என்றார். அதற்கு மேல் சமாதானம், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அது போதும்.

அந்த லீவு முழுக்க இரண்டாவது சாவியால் காரை ஓட்டினார். கிளம்புகிற அன்று யாரும் சொல்லாமல் அவரே அதை அடுக்களை ஆணியில் மாட்டினார். அந்தச் செத்துப்போன சாவியை மட்டும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டார். கிடக்கட்டும் என்றார்.

அவர் மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. மற்றவர்கள் மேல் போகவில்லை. அந்த சர்வீஸ் சென்டரிலிருந்து இன்னமும் சர்வீஸுக்கு நாளாகிவிட்டது என்று போன் வரும். எடுத்ததும், “சார் இருக்காங்களா மேடம்?” என்பார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அதே கோபம், கொஞ்சம்கூடக் குறையாமல் வரும். “வண்டி என்னது. எங்கிட்ட பேசுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். சொல்லிவிட்டுக் காரை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே யாரையும் கேட்காமல் “அழிங்க” என்று சொன்ன என் குரல் காதில் விழும். இத்தனை வயதுக்குப் பிறகு அதுதான் என் குரல் என்று எனக்குத் தெரிய, ஒரு சாவி உடைய வேண்டியிருந்தது.