பெய்ரூட்டில் இருந்த நிலச்சொந்தக்காரர்

டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் என்னோடு சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவர் யூசுப், பாலஸ்தீனர். எங்கள் நாட்டில் போர் நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம். திருகோணமலையில் அப்பாவின் வயலை விற்கப்போகிறோம், நல்ல விலை என்று அவரிடம் பெருமையடித்தேன்.

“இப்போது யார் உழுகிறார்?” என்று கேட்டார்.

“குத்தகைக்காரர் ஒருவர். வேறு வயல் பார்த்துக்கொள்வார்.”

யூசுப்பின் கை நின்றது. “பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி இருந்தபோது எங்கள் குடும்பம் உழுத நிலத்தின் சொந்தக்காரர் பெய்ரூட்டில் இருந்தார். குடியேற வந்த யூதர்களுக்கு அதை விற்றார். காசு, உறுதிப் பத்திரம் எல்லாம் சரி. வெளியேறியது நாங்கள்தான். விற்றவரின் முகத்தை என் அப்பா கடைசிவரை கண்டதில்லை.”

இடைவேளையில் கொழும்பிலிருந்த அண்ணையை அழைத்தேன். “வயலை விக்க வேண்டாம் அண்ணை.”

“நேற்றே உறுதி முடிச்சாச்சு. ஏன்ரா?”

சிறுபிள்ளையாகவே ஊரைவிட்டு வந்தவன் நான். அந்தக் குத்தகைக்காரரும் என் முகத்தைக் கண்டதில்லை.